டன் அண்ணனும் ஒரு சிவப்பு போல்ட்டும்

வியாழக்கிழமை காலை, தங்கையின் குட்டி டிராக்டரை லாரியில் ஏற்றிக் கட்டி முடித்த பிறகும் டன் அண்ணன் உதைப்பதை நிறுத்தவில்லை. முதலில் லாரியின் பின்பலகையை உதைத்தார். பிறகு டிராக்டரைப் பிணைத்திருந்த சங்கிலியை. பிறகு லாரியின் டயரை. குதிகாலால் ஒரே உதை. உடனே தலையை ஒரு பக்கம் சாய்த்து, கிணற்றுக்குள் கல் போட்டவர் மாதிரி சத்தத்துக்குக் காது கொடுப்பார். சத்தம் மனதுக்கு ஒத்துவந்தால் "ம்." ஒத்துவராவிட்டால் அதே இடத்தில் இன்னொன்று.

"அண்ணே, என்னையும் ஒரு ஒத உதச்சுப் பாத்துட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன்" என்றார் லாரி டிரைவர்.

தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். லாரியின் முன் இருக்கையில் ஒரு காலை வைத்த தங்கை, ஏதோ ஞாபகம் வந்தவளாக இறங்கிப் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். டிராக்டரின் முதுகுப் பக்கம், பெரிய சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, பெயிண்ட் வாசம் இன்னும் போகாத இழுவைக் கொக்கி. விழுந்த மரங்களைச் சங்கிலியால் கட்டி இழுப்பதற்காக அண்ணன் தன் கையால் செய்துகொடுத்தது. உள்ளங்கை அகலத் தகடுகள், கட்டைவிரல் பருமனில் போல்ட்டுகள், எல்லாமே கரிக்கறுப்பு. கொக்கி வண்டியோடு சேரும் இடத்தில், நட்டநடுவில், ஒரே ஒரு போல்ட் மட்டும் சிவப்பு.

"எல்லாம் கறுப்பு, இது மட்டும் எதுக்குண்ணா செவப்பு?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்து டயர்க்கடைக்காரர் முந்திக்கொண்டார். "அந்தக் கொக்கியில மலையையே கட்டி இழுத்துட்டு வரலாம்மா. டன்னு செஞ்சது இதுவரைக்கும் ஒண்ணாவது ஒடிஞ்சிருக்கா? யாராவது சொல்லுங்க பாப்போம்?"

யாரும் சொல்லவில்லை. டன் அண்ணன் தெருவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"அழகுக்கு" என்றார்.

தெரு சிரித்தது. வாழ்நாளில் அழகுக்கென்று ஓர் ஆணிகூட அடிக்காத மனிதர். தங்கையும் சிரித்துக்கொண்டே ஏறிக் கதவைச் சாத்தினாள். லாரி தெருமுனையில் திரும்பும்வரை அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அவர் மட்டும் சிரிக்காமல், உதைப்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

டன் என்பது அவர் பெயர் அல்ல. எடையும் அல்ல. ஆள் ஒல்லி, காற்றடிக்கிற நாளில் சட்டைதான் அவரைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும். முழங்கை வரை வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். கண்ணாடியின் இரண்டு காதும் கம்பியால் சுற்றப்பட்டவை. உடைந்ததால் அல்ல, உடைந்துவிடக் கூடாதே என்று கடையிலிருந்து வாங்கிவந்த அன்றே சுற்றியது. சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, தூண்டில் நரம்பால் மறுபடி தைத்துக்கொள்வார். அவருடைய சட்டைகள் நைந்து கிழிந்து தரை துடைக்கும் துணியான பிறகும் பொத்தான்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

பெயர் வந்தது அவர் செய்த சாமான்களால். சரிவான தெருவின் கீழ்க்கோடியில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை. வீட்டு இரும்புக் கதவு அவர் செய்தது. திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. பாதியில் மனசு மாறுகிறவர்களுக்கு அது சரிப்படாது. துணி காயப்போடும் கம்பிக்கு இரண்டு முனையிலும் பழைய லாரி அச்சை நட்டிருக்கிறார். சமையலறை முக்காலியை அவர் மனைவி கையால் தூக்கியதே இல்லை, இடுப்பால் தள்ளுவார். எதிர்ச்சாரியில் இருக்கும் சலவைக் கடைக்கு ஒரு மேஜை செய்துகொடுத்தார். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை, தரை இறங்கியது. மகள் பிறந்தபோது செய்த தொட்டில் இன்னும் பட்டறை மூலையில் கிடக்கிறது. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அனுப்பலாம் என்று பார்த்தார்கள். நாலு பேர் வந்து பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"இன்னும் ஒரு பிளேட்டு போட்டுடலாம்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். எதற்கு என்று கேட்டால் இரண்டாவது வாசகம் வரும்: "ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

"இவன் பொய் சொன்னாக்கூட ரெண்டு பக்கமும் வெல்டு வச்சுத்தான் சொல்லுவான்" என்பார் டயர்க்கடைக்காரர். இருவரும் ஒரே வருடத்தில் கடை போட்டவர்கள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

தங்கை இவருக்கு நேர் எதிர். ஓரிடத்தில் உட்காராதவள். இரண்டு வேலை மாறி, மூன்றாவதாக மரம் எடுக்கும் தொழிலுக்கு வந்திருந்தாள். போன புயலில் மலைச்சரிவில் சாய்ந்துபோன மரங்களை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அறுத்து, சரிவுப் பாதையில் இழுத்து, மேலே ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மரக்கடை லாரி வந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் பழைய குட்டி டிராக்டர் ஒன்றை வாங்கினாள். வண்டியோடு வந்த கொக்கி முதல் மரத்துக்கே வளைந்து, காதுக் கம்மல் மாதிரி தொங்கியது.

"அண்ணா, கடையில கேட்டா இந்தச் சின்ன வண்டிக்கு இதுக்கு மேல கெட்டியா வராதுங்கறான்."

"வராதுன்னா சொன்னான்?" என்று கேட்டபோது டன் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் மனைவி பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தங்கை வண்டியை விட்டுவிட்டு ஆள் பிடிக்க மலைக்குத் திரும்பினாள். இவர் பட்டறையை இழுத்து மூடிக்கொண்டு வேறு வேலை எதையும் வாங்காமல் உட்கார்ந்தார். உடைத்துப் போட்ட ஒரு லாரியின் அடிச்சட்டத்திலிருந்து தகடு வெட்டினார். வெட்டிய தகட்டின்மேல் இன்னொரு தகடு. மூலைகளில் முட்டுக் கொடுத்து, முட்டுக்கு ஒரு முட்டு. தங்கை கேட்டுக்கொண்டபடி கொக்கியைச் சற்று உயரத்தில் வைத்தார். மரத்தின் மூக்கு தரையிலிருந்து எழும்பி நின்றால் இழுக்கச் சுலபம் என்பது அவள் கணக்கு. எல்லாம் முடிந்து வண்டியில் பூட்டியபோது குட்டி டிராக்டர், கோட்டுப் போட்ட குழந்தை மாதிரி இருந்தது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. உதைத்தால் கால்தான் வலிக்கும். தெருமுனைக் காலிமனையில் ஒரு சிமெண்ட் கம்பம் இருந்தது. எதற்காக நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதில் ஒரு கம்பியும் கிடையாது. சங்கிலியின் ஒரு முனையைக் கொக்கியிலும் மறுமுனையைக் கம்பத்திலும் மாட்டினார். டயர்க்கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வசதியாக உட்கார்ந்தார்.

டன் அண்ணன் வண்டியில் ஏறி இழுத்தார். என்ஜின் இருமியது. பின்சக்கரம் மண்ணைக் கிள்ளியது. முன்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை எம்பி, இறங்கி, மறுபடி எம்பின. அதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் கம்பம், பல்லைப் பிடுங்கியது மாதிரி, வேரோடு வெளியே வந்து விழுந்தது. தூசி அடங்கியதும் எல்லாரும் கொக்கியைப் பார்த்தார்கள். பெயிண்ட்கூட உரியவில்லை.

"யோவ் டன்னு, நாடே பாத்துக்கிட்டு இருக்கு, ஒரு வார்த்தை பேசுய்யா!" என்றார் டயர்க்கடைக்காரர்.

"இன்னும் ஒரு பிளேட்டு போட்டிருக்கலாம்" என்றார் டன் அண்ணன். அவருக்குப் பெருமை தாங்காதபோது இப்படித்தான் சொல்வார்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் ஒருவர்தான். பகல் டியூட்டி முடிந்து, கைப்பையோடு தெரு ஏறி வந்த அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப்போடும் அறையில் நர்ஸ். தெருவுக்கு நர்ஸம்மா. முன்சக்கரம் எம்பியதை அவர் கவனித்திருந்தார்.

நர்ஸம்மா கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். வீட்டுக்குள் வந்து, முக்காலியை இடுப்பால் தள்ளி, உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிய பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"கம்பம் வந்துடுச்சு."

"வந்துடுச்சு" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

"வராம இருந்திருந்தா?"

"வராம எப்படி இருக்கும்? நான் செஞ்ச கொக்கி—"

"கொக்கிய விடுங்க. கொக்கியும் ஒடியாது, சங்கிலியும் அறாது. அந்தப் பக்கம் மரம் எங்கயாவது வேர்ல மாட்டிக்கிட்டு அசையாம கெடக்குதுன்னு வைங்க. அப்ப எதுங்க வரும்?"

அவர் திரும்பிப் பட்டறைப் பக்கம் பார்த்தார்.

"வண்டி வரும். முன்னால தூக்கும், அப்படியே மல்லாந்து பின்னால வரும். அதுல யாரு உக்காந்திருப்பா? உங்க தங்கச்சி." செருப்பை ஓரமாக வைத்தார். "டிராக்டருக்கு அடியிலேர்ந்து எடுத்துட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேங்க. நீங்க பாத்ததில்ல. பாக்கவும் வேணாம்."

டன் அண்ணன் எழுந்து பட்டறைக்குப் போனார். கொக்கியின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இத்தனை வருடங்களாக ஒரு சாமானைப் பார்த்து அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது உடையுமா? எல்லாம் கெட்டியாக இருந்தால் கடைசியில் உடையப்போவது எது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. இன்றைக்கு முதல்முறையாகக் கேட்டவர் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கொக்கியைக் கழற்றிக் கீழே இறக்கி, பின் அச்சுக்கும் தாழ்வாக மறுபடி பூட்டினார். இழுப்பு தாழ இருந்தால் வண்டி சட்டென்று எழும்பாது. மரத்தின் மூக்கு தரையில் உரசிக்கொண்டு வரட்டும், தங்கை இரண்டு திட்டுத் திட்டட்டும். அதோடு முடியவில்லை. கொக்கி வண்டியோடு சேரும் இடத்திலிருந்த தடித்த போல்ட்டைக் கழற்றி வீசினார். அங்கே ஒடிகிற போல்ட் ஒன்று வேண்டும். வண்டி மல்லாந்து விழும் முன் அது ஒடிந்து, மரத்தை விட்டுவிட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். டன் அண்ணனுக்கு ஒடிகிற சாமான் செய்யத் தெரியாது.

முதலில் செய்தது அவருடைய மனசுக்கு மிக மெலிந்தது. மாட்டி, சங்கிலியின் மறுமுனையை டயர்க்கடையில் பல வருடமாகச் சக்கரமில்லாமல் கிடந்த பழைய வேனில் கட்டி இழுத்தார். வேன் கடையை விட்டுத் தெருவுக்கு வந்தது. போல்ட் அப்படியே இருந்தது. "வேனை வச்சிட்டுப் போய்யா!" என்று பின்னாலிருந்து கத்தல் கேட்டது. இரண்டாவதுக்கும் அதே கதி. போல்ட்டின் கழுத்தில் அரத்தால் சுற்றிலும் பள்ளம் எடுத்தால் பலம் குறையும் என்று தெரியும். அரத்தை வைப்பார், இரண்டு இழுப்பு, கை தானாக நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவுக்கு லீவு. டீயோடு பட்டறைக்கு வந்தவர், புருஷன் அரத்தையும் போல்ட்டையும் பிடித்துக்கொண்டு, புண்ணைத் தொட வந்த டாக்டரைப் பார்க்கிற நோயாளி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ம், போடுங்க."

அவர் இரண்டு இழுப்பு இழுத்தார். "போதும்."

"இன்னும்."

"ஏம்மா, நூலாயிடும்."

"கண்ண மூடிக்கிட்டு இழுங்க. அவ்வளவுதான், அவ்வளவுதான், ஆச்சு... இன்னும் கொஞ்சம்."

ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது எல்லாரிடமும் சொல்கிற அதே குரல். அவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த போல்ட்டை மாட்டி, அதே வேனைக் கட்டி இழுத்தபோது முன்சக்கரங்கள் லேசாகின. எம்பலாமா என்று யோசித்தன. டப் என்று ஒரு சத்தம். வண்டி இரண்டடி முன்னால் ஓடி நின்றது. சங்கிலி தரையில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. நர்ஸம்மா கை தட்டினார். டன் அண்ணன் இறங்கி வந்து ஒடிந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, டயர்க்கடை பூட்டியிருந்தது.

அதே அளவில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செய்தார். ஒன்றை மாட்டினார். தனியாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு மட்டும் சிவப்புப் பூசினார். தங்கை வந்ததும் விளக்கிச் சொல்லி, டப்பாவைக் கையில் கொடுத்து, ஒடிந்தால் இதையே போடு, கெட்டியாக எதையும் போட்டுவிடாதே என்று சொல்வதாகத் திட்டம்.

வியாழக்கிழமை அவர் சொன்னது, "அழகுக்கு."

அன்று சாயங்காலம் நர்ஸம்மா பட்டறையில் விளக்கைப் போட்டபோது மேஜைமேல் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்து பார்த்தார். மூடினார். டப்பாவைக் கையில் பிடித்தபடியே வந்து வாசலில் நின்றார்.

"இது ஏன் இங்க இருக்கு?"

டன் அண்ணன் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய காலையே மறுபடி கழுவினார்.

"சொன்னீங்கல்ல அவகிட்ட?"

"தெருவே நின்னுச்சும்மா. அவன் வேற, டன்னு செஞ்சது ஒடியாது ஒடியாதுன்னு... அந்த நேரத்துல எப்படிச் சொல்றது, இது ஒடியும்னு?"

"ஒடிஞ்சா அவ என்ன பண்ணுவா?"

அதுதான் அவரையும் மத்தியானத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் என்ன பண்ணுவார்கள்? மட்டமான போல்ட் என்று காறித் துப்பிவிட்டு, இருப்பதிலேயே கெட்டியான ஒன்றை மாட்டுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது பழைய கொக்கிதான். கம்பத்தைப் பிடுங்கிய கொக்கி.

நர்ஸம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஃபோனை எடுத்து நாத்தனார் எண்ணைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் அவள் இருக்கும் பக்கம் டவர் கிடையாது. சாமான் வாங்க மேட்டுக் கடைக்கு வரும்போதுதான் ஃபோன் உயிர் பிடிக்கும். "சரி, பேசி அனுப்புங்க. எப்ப வந்தாலும் கேக்கட்டும்" என்று ஃபோனை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"ஏம்மா... அந்தச் செவப்பு போல்ட்டு இருக்குல்ல... அது வந்து... கொஞ்சம் மெல்லிசான ஆளு..."

நர்ஸம்மா நிறுத்தினார். "சீரியஸா இருக்கிற பேஷண்டோட சொந்தக்காரங்ககிட்ட இழுக்கிற மாதிரி இழுக்காதீங்க. நேரா சொல்லுங்க."

நாலாவது முறைதான் சரியாக வந்தது. "அந்தச் செவப்பு போல்ட்டு ஒடியும். ஒடியணும்னுதான் செஞ்சேன். ஒடிஞ்சா வண்டிய நிறுத்திடு. கெட்டியா எதையும் போட்டுடாத. நான் வேற அனுப்பறேன்." அனுப்பியதும் ஒற்றைக் கோடு விழுந்தது. அவளுக்குப் போய்ச் சேராமல் ஒற்றைக் கோடாகவே நின்றது.

அன்றைக்கே பிடித்துக்கொண்டது மழை. மறுநாள் லாரி டிரைவர் பேசினார். வண்டியையும் அக்காவையும் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் பின்னால் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டதாம். டப்பாவை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சட்டை மாற்றியிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

அந்த மழையை ஊரே சபித்தது. சலவைக் கடையில் துணி காயவில்லை. டயர்க்கடை வாசலில் குளம் கட்டியது. டன் அண்ணன் மட்டும் கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் முகம் தெளிந்தார். மழை பெய்தால் சரிவுப் பாதையில் மரம் இழுக்க முடியாது. இழுக்காவிட்டால் போல்ட் ஒடியாது. காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து, "பெய்யட்டும், பெய்யட்டும்" என்பார்.

"உனக்கு மூளை கலங்கிடுச்சாய்யா?" என்றார் டயர்க்கடைக்காரர், முழங்கால் தண்ணீரில் நின்று.

வேலையில் மனசு ஒட்டவில்லை. ஜன்னல் கம்பி கேட்ட ஒருவருக்கு, கேட்ட அளவிலேயே செய்துகொடுத்தார். வாங்கிக்கொண்டவர் இரண்டு நாள் கழித்து வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஃபோனை எடுப்பார், ஒற்றைக் கோட்டைப் பார்ப்பார், வைப்பார். நர்ஸம்மா டியூட்டியிலிருந்து வரும்போது அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். இன்றைக்குக் கட்டுப்போடும் அறைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்கத் தைரியமில்லாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் ஒரு பார்வை. "வழுக்கி விழுந்தவங்கதான். எல்லாம் மழை" என்பார் நர்ஸம்மா, கேட்காத கேள்விக்கு.

பிறகு ஒருநாள் மழை நின்றது. வெயில் வந்தது. சலவைக் கடைக்காரர்கள் போர்வைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் காயவைத்தார்கள். தெரு முழுக்க ஈரக் கம்பளி வாசம். டன் அண்ணன் வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ரோட்டில் மண் அள்ளும் வேலை இன்னும் முடியவில்லை என்று செய்தி. மேலே அவள் சும்மா இருக்க மாட்டாள். இத்தனை நாள் முடங்கிக் கிடந்ததற்கும் சேர்த்து இழுத்துக்கொண்டிருப்பாள்.

தங்கை போய் எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. தெருவில் எல்லாரும் அந்த டிராக்டரையே மறந்துபோயிருந்தார்கள். ஒரு மத்தியானம், பட்டறை வாசலில் டயர்க்கடைக்காரர் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் ஃபோன் ஒருமுறை நடுங்கியது. டன் அண்ணன் எட்டிப் பார்த்தார். தங்கையின் பெயர். அழைப்பு இல்லை, செய்தி. நீளமான செய்தி.

கண்ணாடியைத் தேடினார். கண்ணில்தான் இருந்தது. எழுத்துகள் ஓடின.

"நீ படி" என்று ஃபோனை நீட்டினார்.

"ஏன், உனக்கென்ன?"

"படியேன்யா."

டயர்க்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். வாயில் வந்த கிண்டலை முழுங்கிக்கொண்டு ஃபோனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"'அண்ணா, நான் நல்லா இருக்கேன். மொதல்ல அதப் படிச்சுட்டு அப்புறம் மிச்சத்தப் படி. நேத்துத்தான் மரம் இழுக்க ஆரம்பிச்சோம். மேட்டுல ஏறும்போது பெரிய மரம் ஒண்ணு வேர்ல மாட்டிக்கிச்சு. நான் கவனிக்கல, ஆக்ஸிலேட்டர அழுத்திட்டேன். முன்சக்கரம் ரெண்டும் தூக்கிடுச்சு. எனக்கு எதிர்ல வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. அவ்வளவுதான்னு நெனச்சேன். டப்புன்னு உன் செவப்பு போல்ட்டு ஒடிஞ்சுபோச்சு. வண்டி தொப்புன்னு எறங்கி நின்னுச்சு. பின்னால யாரும் இல்ல, மரம் உருண்டு பள்ளத்துல போய் விழுந்துச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல. நாக்கத்தான் கடிச்சுக்கிட்டேன்.'"

டயர்க்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டன் அண்ணன் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"'கூட இருந்தவங்க கெட்டியா வேற போல்ட்டு எடுத்துட்டு வந்தாங்க. நானும் வாங்கி மாட்டப் போனேன். அப்புறம்தான் தோணுச்சு. எங்க அண்ணன் செஞ்ச சாமான் ஒடியுமா? ஒடியாது. அப்ப இது ஒடிஞ்சதுன்னா, ஒடியணும்னே செஞ்சிருக்கான். அழகுக்குன்னு சொன்னியே, நீ என்னிக்கு அழகுக்கு ஒண்ணு செஞ்சிருக்க? வண்டிய ஓரங்கட்டிட்டு இங்க கடைக்கு வந்தேன். இப்பத்தான் ஃபோன் எடுத்துச்சு, நீ பேசினத கேட்டேன். அதே மாதிரி போல்ட்டு ஒரு பத்துப் பதினஞ்சு அனுப்பு. நாளன்னிக்கு ரோடு தொறக்கறாங்களாம். அண்ணிகிட்ட சொல்லு, நாக்குக்கு என்ன மருந்துன்னு கேளு.'"

எதிரே யாரோ போர்வையை உதறுகிற சத்தம் மட்டும் கேட்டது. டன் அண்ணன் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூச்சு விட்டார். வியாழக்கிழமை உள்ளே போன மூச்சு. பிறகு தரையிலேயே, அங்கே கிடந்த இரும்புத்தூளின் மேலேயே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார்.

"அப்ப, நீ செஞ்சது ஒண்ணு ஒடிஞ்சுபோச்சு" என்றார் டயர்க்கடைக்காரர். கிண்டலாகத்தான் தொடங்கினார், பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நர்ஸம்மாவுக்கு ஃபோன் போடுய்யா மொதல்ல. அந்தம்மா அங்க எத்தன பேருக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்குதோ."

"போடறேன், போடறேன்."

போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"நீ இன்னொரு தடவ படி" என்றார். "வானம் மட்டும் தெரிஞ்சுதுங்கறதெல்லாம் வேணாம். ஒடிஞ்சுபோச்சுங்கற எடத்துலேர்ந்து படி. சத்தமா படி, எதிர்க்கடைக்கும் கேக்கட்டும்."